முதல்ல சூடு, அப்புறம் பேச்சு

இடது தோளைக் குதிரையின் இடுப்போடு ஒட்ட வைத்து, இடது கையால் வாலை ஒதுக்கி, வாஸ்லின் தடவிய தெர்மாமீட்டரை வலது கையால் உள்ளே செலுத்துகிறார் நர்ஸம்மா. தெர்மாமீட்டரின் மறுமுனையில் ஒரு நூல். நூலின் நுனியில் துணி உலர்த்தும் கிளிப். கிளிப்பை வால்மயிரில் மாட்டிவிட்டு, புறங்கையைக் குதிரையின் விலாவில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். "முப்பத்தேழு எட்டு" என்கிறார். சில நொடிகளில் கருவி கூவுகிறது. குதிரைக்காரர் எட்டிப் பார்க்கிறார். முப்பத்தேழு புள்ளி எட்டு செல்சியஸ்தான். கொட்டில் கதவில் தொங்கும் சிலேட்டில் சாக்பீஸால் எழுதிவிட்டு அடுத்த கொட்டிலுக்கு நகர்கிறார்.

கணிப்பு இரண்டு புள்ளிக்கு மேல் தவறினால் குதிரையிடம் மன்னிப்புக் கேட்பார். "கோவிச்சுக்காத ராசா, இன்னைக்கு என் கைதான் சரியில்ல." குதிரைக்காரர்கள் கொஞ்ச நாள் இதை வைத்துப் பந்தயம் கட்டிப் பார்த்தார்கள். எப்போதும் அவரே ஜெயிக்கிறார் என்று தெரிந்ததும் சுவாரசியம் போய் விட்டுவிட்டார்கள். இத்தனைக்கும், கையை மட்டும் நம்பி அவர் ஒருநாளும் சிலேட்டில் எழுதியதில்லை. கருவி கூவிய பிறகுதான் சாக்பீஸைத் தொடுவார்.

லாயத்தில் மொத்தம் எண்பத்து நான்கு குதிரைகள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. உண்மையில் அவர் நர்ஸ் இல்லை. லாயத்து மருந்தறையின் கம்பவுண்டர். வாரம் இரண்டு நாள் வரும் டாக்டருக்கு மற்ற ஐந்து நாளும் கண்ணும் காதும் அவர்தான். ஐம்பத்தோரு வயது, குள்ளம், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கொண்டையை அமுக்கி ஒரு தொப்பி. குரல் மட்டும் ஆளைவிட இரண்டு சைஸ் பெரியது.

குதிரைகளை அவருக்குப் பின்பக்கத்திலிருந்துதான் அடையாளம் தெரியும். முகத்தை மட்டும் காட்டி "இது யாரு?" என்றால் திணறிவிடுவார். வாலின் அடியில் ஒரு சுழி, தொடையில் ஒரு தழும்பு, நிற்கும்போது எந்தக் காலைத் தளர்த்துகிறது என்பதெல்லாம் அத்துப்படி. "நல்லவேளை, மனுஷங்களை அந்தப் பக்கமா பார்த்துப் பழகல. இல்லேன்னா வீட்டுக்கு யாரும் வந்திருக்க மாட்டாங்க" என்பார் அவர் கணவர். அவர் லாடம் அடிப்பவர். சுற்றுவட்டாரத்து லாயங்களுக்கெல்லாம் ஒரே லாடக்காரர் என்பதால் ஒரு நாள் இங்கே, மறுநாள் அங்கே என்று காலில் சக்கரம் கட்டிய மனிதர்.

குதிரைகளுக்கு உரிமையாளர்கள் வைத்த பெயர்கள் பித்தளைத் தகட்டில் மின்னுகின்றன. நர்ஸம்மாவின் நோட்டில் வேறு பெயர்கள். கெஞ்சினால்தான் சாப்பிடும் செம்பட்டைக் குதிரை 'மாப்பிள்ளை'. முன்காலால் தரையைத் தட்டித் தட்டி எதையோ எண்ணிக்கொண்டே இருக்கும் வெள்ளைக் குதிரை 'கணக்கு வாத்தியார்'. பக்கத்தில் யார் வந்தாலும் காதை மடக்கும் பெட்டைக்குதிரை 'நாத்தனார்'.

யாராவது ஓடிவந்து, "நர்ஸம்மா, நேத்து சாயங்காலத்துலேர்ந்து இவன் ஒரு மாதிரியா இருக்கான், என்னன்னா..." என்று ஆரம்பித்தால் உள்ளங்கையைக் காட்டி நிறுத்துவார். "முதல்ல சூடு, அப்புறம் பேச்சு." இந்த வழக்கம் லாயத்தோடு நிற்பதில்லை. உறவினர் வீட்டுக்குப் போனால், கதை பேசிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் நெற்றியில் புறங்கையை வைப்பார். குழந்தை விலகினால் பெரியவரின் நெற்றி.

இந்தச் சூட்டுப் பைத்தியம் சும்மா வந்ததில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், வேறொரு லாயத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு காலை ஒரு குதிரையின் பின்னங்கால்கள் தள்ளாடின. மாலைக்குள் அது விழுந்துவிட்டது. ஒரு வாரத்தில் பதினான்கு குதிரைகள். குதிரைகளுக்கென்றே உள்ள ஒரு ஹெர்பிஸ் வைரஸ் என்று பிறகு தெரிந்தது. மூச்சுக்காற்றிலும் மூக்குச் சளியிலும் பரவும். வாளியில் ஒட்டிக்கொண்டும், மனிதர் கையில் ஏறிக்கொண்டும் போகும். முதலில் வெறும் காய்ச்சல். வேறு எதுவும் தெரியாது. அது தானாகவே இறங்கியும் விடும். சில குதிரைகளுக்கு நாலைந்து நாள் கழித்து வைரஸ் தண்டுவடத்துக்குள் புகுந்து காலை வாரிவிடும். "அன்னைக்கு நாங்க பார்த்தது விழுந்த குதிரையை" என்பார் நர்ஸம்மா. "ஒரு வாரம் முன்னாடியே அதோட சூட்டைப் பார்த்திருக்கணும். யாரும் பார்க்கல. நானும்தான் பார்க்கல." இதற்கு மேல் அந்தக் கதையை நீட்டமாட்டார்.

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை காலை, மாப்பிள்ளையின் விலாவில் புறங்கையை வைத்தவர் எண்ணைச் சொல்லவில்லை. கருவி கூவியது. முப்பத்தொன்பது ஒன்று. முப்பத்தெட்டரைக்கு மேல் போனாலே குதிரைக்குக் காய்ச்சல்தான். தெர்மாமீட்டரைக் கழுவி, பத்து நிமிஷம் காத்திருந்து மறுபடி வைத்தார். அதே எண். அடுத்த கொட்டிலில் நாத்தனாருக்கு முப்பத்தெட்டு எட்டு. நர்ஸம்மா சுற்றை அங்கேயே நிறுத்தினார். கையைக் கழுவி, பூட்ஸைக் கழுவி, மேலாடையை மாற்றிக்கொண்டு மற்ற குதிரைகளையும் பார்த்து முடித்தார். வேறு எதற்கும் காய்ச்சல் இல்லை. டாக்டரிடம் போனில் பேசி, அவர் சொன்னதைச் செய்து முடித்துவிட்டு மானேஜர் அறைக்கு நடந்தார்.

மானேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் சனிக்கிழமை காலை பத்தொன்பது குதிரைகள் லாரியேறிப் பெரிய போட்டி ஒன்றுக்குப் போகவேண்டியிருந்தது. ஒரு வருஷத்துப் பயிற்சி அந்த லாரிகளில் ஏறவிருந்தது.

"இருமுதா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"மூக்கு ஒழுகுதா?"

"இல்ல."

"தீனி எடுக்குதா?"

"அதிசயமா மாப்பிள்ளையே கெஞ்சாம தின்னான்."

"அப்புறம் என்னம்மா?"

"சூடு இருக்கு சார். ஒண்ணுக்கு மட்டும்னா ஏதோ ஒரு காய்ச்சல்னு விடலாம். அடுத்தடுத்த கொட்டில்ல ரெண்டுக்குன்னா, ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குப் போயிருக்கு."

மானேஜர் பேனாவை மூடி வைத்தார். "சரி, அந்த ரெண்டையும் நிறுத்திடுவோம். காய்ச்சல் இல்லாதது போகட்டுமே."

"இன்னைக்குக் காய்ச்சல் இல்லாததுதான் சார் நாளன்னைக்குக் காயும். அங்க போய் இறங்கின பிறகு காஞ்சா, அங்க இருக்கிற முந்நூறு குதிரையும் நம்ம கணக்குதான்."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"மூக்குலேர்ந்து பஞ்சுக்குச்சியில எடுத்து, கொஞ்சம் ரத்தமும் எடுத்து லேபுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பியாச்சு. நாளைக்கு மதியம் தெரியும். அதுவரைக்கும் வாசல் மூடியிருக்கணும்."

"யார் மூடச் சொன்னது?"

"வரும்போதே மூடிட்டுத்தான் வந்தேன்" என்றார் நர்ஸம்மா. சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, திரும்ப எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மதியம் லேபிலிருந்து டாக்டருக்குச் செய்தி வந்தது. இரண்டு குதிரைகளுக்கும் அதே வைரஸ். மானேஜர் லாரிக்காரரைக் கூப்பிட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, நர்ஸம்மாவிடம் வந்தார். "என்ன செய்யணும், சொல்லுங்க" என்றார். அதற்குப் பிறகு போட்டியைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

சொல்வதற்கு நர்ஸம்மாவிடம் நிறைய இருந்தது. ஒரே பிற்பகலில் லாயம் மூன்று துண்டாகியது. காய்ச்சல் உள்ளவை கோடிக் கொட்டகையில். அவற்றின் பக்கத்தில் நின்றவை நடுவில். ஒன்றும் இல்லாதவை முன்வரிசையில். கதவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சைத் துணி. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஆள், தனி வாளி, தனி விளக்குமாறு. விளக்குமாற்றின் காம்பிலும் அதே நிறத் துணி. சிவப்பில் வேலை செய்பவர் பச்சைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. தண்ணீர்க் குழாயின் வாய் வாளியில் முங்கக் கூடாது; முங்கினால் ஒரு வாளியின் எச்சில் எண்பத்து நான்கு வாளிக்கும் போகும். ஒருவர் அப்படி முங்க வைத்துவிட்டுப் பராக்குப் பார்த்தபோது நர்ஸம்மா கத்தவில்லை. போய்க் குழாயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "இந்தத் தண்ணியை நீ குடிப்பியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு அந்தத் தவறு நடக்கவில்லை.

அடுத்த வேலை, கடந்த பத்து நாளில் இந்தக் குதிரைகளைத் தொட்டவர் யார், அவர்கள் வேறெங்கே போனார்கள் என்ற பட்டியல். மாப்பிள்ளையைத் தொட்டவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டே வந்த நர்ஸம்மாவின் பேனா ஐந்தாவது பெயரில் நின்றது. பிறகு எழுதியது. நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குளித்து உடை மாற்றி, சாலைக்கு அப்பால் இருந்த வீட்டுக்குப் போனார். லாடக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, போன வாரம் எங்கெங்க போனீங்க?"

"என்ன, விசாரணையா?"

"ஆமா."

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். "வியாழக்கிழமை ஆத்தோரத்து லாயம். நாலு குதிரை. வெள்ளிக்கிழமை இங்க, மாப்பிள்ளைக்கு."

"ஆத்தோரத்துல எதுக்காவது உடம்பு சரியில்லாம இருந்துச்சா?"

"ஒண்ணு மூக்கை உறிஞ்சிக்கிட்டு இருந்துச்சு. தூசின்னாங்க."

"ஏப்ரனைக் கழுவினீங்களா?"

தோல் ஏப்ரனை எவனாவது தினம் கழுவுவானா என்பது அவர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. "திங்கக்கிழமை மாப்பிள்ளைக்கு லாடம் கழண்டுடுச்சுன்னு நீதானே கூப்பிட்டே?" என்றார், ஒரு பிடி கிடைத்தவர் போல.

"நான்தான் கூப்பிட்டேன். அதையும் எழுதிக்கிறேன். இங்கேர்ந்து எங்க போனீங்க?"

"குட்டிப் பண்ணைக்கு. ஆறு சினைக்குதிரைக்குக் குளம்பு சீவினேன்."

நர்ஸம்மாவின் பேனா மறுபடியும் நின்றது. குட்டிப் பண்ணையில் முப்பத்தொரு பெட்டைக்குதிரைகள் சினையாக இருந்தன. இந்த வைரஸுக்குச் சினைக்குதிரை கிடைத்தால் அதன் காலைத் தேடாது. வயிற்றில் இருக்கும் குட்டியைத் தேடும். அவர் அங்கேயே நின்றபடி பண்ணைக்காரம்மாவுக்குப் போன் போட்டார். "நான் கம்பவுண்டர் பேசறேன். எங்க லாயத்துல ஹெர்பிஸ் வந்திருக்கு. திங்கக்கிழமை எங்க வீட்டுக்காரர் உங்க ஆறு குதிரையைத் தொட்டிருக்கார். அந்த ஆறையும் இப்பவே தனியா கட்டுங்க. முதல்ல சூடு பாருங்க. பார்த்துட்டு என்னைத் திட்டுங்க." மறுமுனையில் திட்டு வரவில்லை. வாளி உருளும் சத்தமும், யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தமும் கேட்டன.

லாடக்காரர் கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். "என் பேரையா எழுதியிருக்கே?"

"பின்ன யார் பேரை எழுதட்டும்?"

"இந்தத் தாள் எங்கெல்லாம் போகும்?"

"நீங்க போற எல்லா லாயத்துக்கும்."

"முப்பது வருஷமா சம்பாதிச்ச பேரு" என்றார் அவர். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாள் சொல்லவில்லை.

மாலையில் மானேஜரும் பட்டியலைப் பார்த்தார். ஐந்தாவது வரியில் விரலை வைத்தார். "இந்தப் பேரு வேணுமாம்மா? 'வெளியாள் ஒருத்தர்'னு போட்டா போதுமே. யாரும் கேக்கப் போறதில்ல."

"பேரு இருந்தாத்தான் சார், 'ஐயோ, அவர் எங்க லாயத்துக்கும் வந்தாரே'ன்னு யாராவது ஞாபகப்படுத்திப் பார்ப்பாங்க. வெளியாள்னு போட்டா யாருக்கு என்ன ஞாபகம் வரும்?"

மானேஜர் விரலை எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஒரு வாரத்தில் இன்னும் ஒன்பது குதிரைகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பதும் மஞ்சள் வரிசையில் நின்றவை. பச்சையில் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு காலையும் பச்சையில் தொடங்கி மஞ்சள் வழியாகச் சிவப்புக்கு ஒரே திசையில் நடந்தார் நர்ஸம்மா. திரும்பி வரும் வழியே கிடையாது, கோடிக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த குளியலறைக்குத்தான் போகவேண்டும். தோல் வெளுத்து விரல் சுருங்கிப்போனது. "கல்யாணத்தப்பகூட நான் இவ்வளவு குளிக்கல" என்றார் டாக்டரிடம். வாரம் இரண்டு நாள் வந்துகொண்டிருந்த டாக்டர் இப்போது தினமும் வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வியே "பச்சை?" என்பதாகத்தான் இருந்தது. "பச்சை பச்சையாவே இருக்கு" என்பது பதில்.

வெளியே பேச்சு வேறு மாதிரி போனது. ஐந்தாம் நாள் குழாயடியில் குதிரைக்காரர்கள் நாலுபேர் நின்றிருந்தார்கள். "நர்ஸம்மா நமக்கு ஆயிரம் சட்டம் சொல்றாங்க. கொண்டுவந்து விட்டது அவங்க வீட்டுக்காரர்" என்று ஒருவர் சொன்னது, பின்னால் வந்த நர்ஸம்மாவின் காதில் விழுந்தது. சொன்னவர் திரும்பிப் பார்த்துவிட்டு வாளியைத் தூக்கப் போனார்.

"நில்லுப்பா" என்றார் நர்ஸம்மா. "நீ சொன்னது நிஜம்தான். அவர்தான் கொண்டுவந்தார். தெரிஞ்சு கொண்டுவரல. ஆனா நான் கேட்டப்ப எங்கெங்க போனேன்னு ஒண்ணு விடாம சொன்னார். அதனாலதான் பண்ணையில அன்னைக்கே ஆறையும் பிரிச்சுக் கட்டினாங்க. அதுல ஒண்ணுக்கு ரெண்டாம் நாள் காய்ச்சல். பிரிக்காம விட்டிருந்தா மிச்சம் முப்பதும் அதோட மூஞ்சியை மோந்துக்கிட்டு நின்னிருக்கும். அவர் பேரு தாள்ல இருக்கு. உன்னையும்தான் அன்னைக்குக் கேட்டேன். நீ எத்தனை இடத்தை விட்டுட்டுச் சொன்னே?"

அந்த ஆள் வாளியைக் கீழே வைத்தார். "மச்சான் குதிரைக்கு இங்கேர்ந்து ஒரு கடிவாளம் எடுத்துட்டுப் போனேன்" என்றார். "நாத்தனாரோடது." அன்று பொழுது சாய்வதற்குள் இன்னும் இரண்டு பேர் தனித்தனியாக வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, ஆளுக்கொரு இடத்தைச் சொன்னார்கள். மூன்று இடத்துக்கும் ஆள் போனது. மச்சானின் குதிரைக்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தது, தனியாகக் கட்டினார்கள், பத்து நாளில் தேறியது.

வீட்டில் லாடக்காரருக்கு வேலை இல்லை. எந்த லாயமும் கூப்பிடவில்லை. அரத்தைத் தேய்த்தார், குறடுக்கு எண்ணெய் விட்டார், தேய்த்ததையே மறுபடி தேய்த்தார். மனைவியிடம் பேச்சு கிடையாது. வெளியூரில் இருக்கும் மகளிடம் மட்டும் பேசினார். மகள் அம்மாவைக் கூப்பிட்டாள். "அம்மா, அப்பா ஒரு நாளைக்கு மூணு தடவை போன் பண்றார். பாதி நேரம் உன்னைத் திட்றார். மீதி நேரம், அவ சாப்பிட்டாளான்னு உன்னைக் கேக்கச் சொல்றார்."

"சாப்பிட்டேன்னு சொல்லு. பக்கத்து ரூம்லதான் உட்கார்ந்திருக்கார், கொஞ்சம் சத்தமாவே சொல்லு."

ஒன்பதாம் நாள் காலை, காய்ச்சல் இறங்கித் தேறியதாக நினைத்திருந்த கணக்கு வாத்தியாருக்கு, கொட்டிலில் திரும்பும்போது பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. வால் துவண்டு தொங்கியது. மூத்திரம் சொட்டுச் சொட்டாக வந்தது. நர்ஸம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வயிற்றுக்கடியில் அகலப் பட்டை கட்டி, உத்தரத்தில் கப்பி மாட்டி, நிற்க வைத்துப் பார்த்தார்கள். மருந்து ஏற்றினார்கள். அன்று முழுதும், மறுநாள் முழுதும், கொட்டில் சுவரோடு முதுகைச் சாய்த்து நர்ஸம்மா அதன் கூடவே இருந்தார். அது முன்காலை எடுத்து எடுத்துத் தரையைத் தட்டப் பார்த்தது. மூன்றாம் நாள் மதியம் முன்கால்களும் தாங்கவில்லை. டாக்டர் நர்ஸம்மாவைப் பார்த்தார், அவர் தலையசைத்தார். ஊசி போடும்போது குதிரையின் தலையை மடியில் வாங்கிக்கொண்டு அதன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். எல்லாம் முடிந்ததும் கொட்டிலைத் தானே மருந்து ஊற்றிக் கழுவினார். யாரையும் உதவிக்கு விடவில்லை.

வீட்டுக்கு வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். லாடக்காரர் உள்ளிருந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"எது?" என்றார். பத்து நாளுக்குப் பிறகு வந்த முதல் சொல்.

"கணக்கு வாத்தியார்."

ஒன்பது வருஷமாக அந்தக் குதிரைக்கு அவர்தான் லாடம் அடித்தார். அது தரையைத் தட்டித் தட்டி முன் லாடத்தைத் தேய்த்துவிடும் என்பதால் அதற்கென்று கொஞ்சம் கனமாக அடித்துக் கொடுப்பார். அவர் கொல்லைப்புறம் போனார். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"குழாயடியில நீ என்னைப் பத்திச் சொன்னதை அந்தப் பய வந்து சொன்னான்" என்றார். "ஒண்ணு விடாம சொன்னேன்னு சொன்னியாமே."

"ஆமா."

"ஒண்ணை விட்டுட்டேன்." அவர் மனைவியைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துப் பேசினார். "திங்கக்கிழமை பண்ணையிலேர்ந்து திரும்பும்போது அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் ரெண்டு குதிரைக்கும் குளம்பு பார்த்தேன். அவர் பேரு அந்தத் தாள்ல ஏறினா அவர் பிழைப்பும் போயிடும்னு சொல்லல."

நர்ஸம்மா அண்ணாந்து கணவரைப் பார்த்தார். குழாயடியில் அவருக்காக அடித்த தம்பட்டம் ஒரு நொடியில் கிழிந்து தொங்கியது. கேட்க எவ்வளவோ இருந்தது. திட்ட அதைவிட நிறைய இருந்தது. அவர் கைப்பையைத் திறந்து நோட்டை எடுத்தார்.

"எத்தனை மணிக்கு?" என்றார்.

அண்ணன் வீட்டுக்கு மறுநாள் காலையில் இருவருமாகவே போனார்கள். லாடக்காரர் வேலிக்கு வெளியே நின்றுகொண்டார். நர்ஸம்மா மட்டும் புது மேலாடை போட்டுக்கொண்டு உள்ளே போனார். பெரியவர் முதலில் எகிறினார். தம்பி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அண்ணே, தப்பு என் பேர்ல. அவ பார்க்கட்டும்" என்றார். இரண்டு குதிரைகளுக்கும் சூடு சரியாக இருந்தது. பஞ்சுக்குச்சி எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். வைரஸ் இல்லை. ஆனாலும் மற்றவர்களைப் போலவே வாசலை மூடி வைக்கச் சொன்னார் நர்ஸம்மா. கணவரின் அண்ணன் என்பதற்காக ஒரு நாள்கூடக் குறைத்துக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு புதிதாகக் காய்ச்சல் வரவில்லை. சிவப்பில் இருந்த இன்னொரு குதிரைக்கும் பின்னங்கால் தள்ளாடியது. பட்டையில் ஐந்து நாள் நின்று, கொஞ்சம் கொஞ்சமாகக் காலை ஊன்றிவிட்டது. பண்ணையில் காய்ச்சல் கண்ட அந்த ஒரு சினைக்குதிரைக்கு, நாலு வாரம் கழித்துக் கரு கலைந்தது. தனியே இருந்ததால் அது அதோடு நின்றது. மற்ற முப்பதும் வயிற்றைச் சுமந்துகொண்டு புல் மேய்கின்றன என்று பண்ணைக்காரம்மா போனில் சொன்னார். போட்டிக்குப் போகாமல் நின்ற குதிரைகள் பச்சைத் துணிக்குப் பின்னால் சலிப்போடு கதவை உதைத்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மானேஜர் அறையை விட்டு வெளியே வந்து, கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு உள்ளே போவார்.

கடைசிக் காய்ச்சல் இறங்கி இருபத்தெட்டு நாள் ஆனது. மறுபடி எடுத்த பஞ்சுக்குச்சிகள் எல்லாம் சுத்தம் என்று வந்தன. டாக்டர் கையெழுத்துப் போட்டார். வாசல் திறந்த காலையில் முதலில் வந்து நின்றவர் லாடக்காரர். குளம்புகள் எல்லாம் வளர்ந்து கிடந்தன. இரண்டு நாள் வேலை காத்திருந்தது. ஏப்ரன் புதிது. இனிமேல் லாயத்துக்கு ஒன்று என்று தைக்கக் கொடுத்திருந்தார். கருவிகளை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்து, ஈரம் சொட்டச் சொட்ட ஒரு வாளியில் கொண்டுவந்திருந்தார். குதிரைக்காரர்கள் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்கள். முதலில் பேசுவது யார் என்று எல்லோரும் காத்திருந்தது தெரிந்தது.

வாசலில் ஒரு பெஞ்சு மேல் தண்ணீர்ப் பேசினும் சோப்பும் இருந்தன. அவர் சட்டைக் கையை மடக்கி, முழங்கை வரை நுரை பூசிக் கழுவி, மருத்துவர்கள் அறுவைக்குப் போவதுபோல இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினார்.

நர்ஸம்மா அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பது வருஷத்து இரும்பும் குளம்புத் தூளும் நகக்கண்களில் கறுத்து ஒட்டியிருந்தன. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கணவரை அதில் உட்கார வைத்தார். எதிரே குந்தி, ஒரு சின்ன பிரஷ்ஷை எடுத்துச் சோப்பில் தேய்த்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொரு நகமாகத் தேய்க்க ஆரம்பித்தார்.